தவளை போன பிறகு நரம்பு–தசை பிராக்டிகல்: மனிதர்களிடம் எதை, எப்படிச் செய்வது?

ரிங்கர்_கரைசல் (இழையைத் தொடங்கியவர்)

உடலியங்கியல் துறைகளில் பிராக்டிகல் நடத்துபவர்களுக்கான இழை இது. 2019-இல் வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் பி.ஒய். 3.18 (உடலியங்கியல் திறன் எண்), தவளையின் நரம்பு–தசை, இதயப் பரிசோதனைகளைக் கணினியில் "பார்த்தால்" போதும் என்கிறது. எர்கோகிராஃபி (விரலால் சுமை தூக்கிக் களைப்பைப் பதிவது, பி.ஒய். 3.14) மட்டும் மாணவர் கையால் செய்ய வேண்டியது. நடைமுறையில் பல இடங்களில் நடப்பது என்ன? மூன்று மணி நேர வகுப்பில் அரை மணி மென்பொருள், அரை மணி ரெக்கார்டு வரைவது, மீதி நேரம் கையெழுத்துக்கு வரிசை.

மென்பொருளில் எந்தப் பட்டனைத் தட்டினாலும் ஒரே வளைகோடுதான் வரும். லேட்டன்ட் பீரியட் (தூண்டலுக்கும் சுருக்கம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம்) எப்போதும் 10 மில்லி செகண்ட், சுருக்கம் 40, தளர்வு 50. யாருக்கும் தப்பு வராது. தப்பே வராத இடத்தில் அளவீடு என்றால் என்னவென்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: வருடத்துக்கு 150 மாணவர்கள், நரம்புக் கடத்தல் கருவி ஒன்று, எர்கோகிராஃப் நான்கு, கைப்பிடி டைனமோமீட்டர் இரண்டு. இதை வைத்துத் தவளை சொல்லித்தந்ததில் எவ்வளவை மீட்கலாம்? "கருத்தரங்கு நடத்துங்கள்" வகை பதில்கள் வேண்டாம். எலக்ட்ரோடை எங்கே ஒட்டுவது, எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்று எழுதுங்கள்.

---

டிரம்_புகை

தவளைக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன். காட்டுத் தவளையைப் பிடித்து வந்து அறுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் ஒவ்வாது, நூற்றைம்பது மாணவர்களுக்கு வருடா வருடம் அதைச் செய்வது நியாயமும் இல்லை. அதில் எனக்கு வாதம் கிடையாது. ஆனால் அந்த மேசை எதைச் சொல்லித்தந்தது என்று தெரியாமல் மாற்று தேட முடியாது.

முதலாவது, திசு சாகக்கூடியது என்பது. தவளைக் காலின் சயாட்டிக் நரம்பைக் கண்ணாடிக் கொக்கியால்தான் தூக்க வேண்டும். உலோகம் பட்டால் துடிக்கும், இழுத்தால் செத்துவிடும், காய்ந்தால் தானாகவே மின்துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 6.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.14, கால்சியம் குளோரைடு 0.12, சோடியம் பைகார்பனேட் 0.2 என்று கரைசல் போடும்போது கால்சியத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது சிட்னி ரிங்கர் 1880-களில் லண்டன் குழாய்த் தண்ணீரில் கண்டதேதான். இதயம் தளர்ந்து நின்றுவிடும்.

இரண்டாவது, கருவியும் பொய் சொல்லும் என்பது. அந்த 10 மில்லி செகண்ட் லேட்டன்ட் பீரியட் தசையுடையது மட்டும் அல்ல. நரம்பு வழிப் பயணம், நரம்பு–தசைச் சந்திப்பின் தாமதம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தசை அசைக்கும் எழுது நெம்புகோலின் சடத்துவம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. தசை நார் மின்தூண்டலுக்குச் சில மில்லி செகண்டில் விசை தரத் தொடங்கிவிடும். எழுதுகோல் அசைய நேரம் பிடிக்கிறது. வளைகோடு பதியும் சுழல் டிரம்மில் காகிதம் ஒட்டி, புகைக்கரி படிய வைத்து, ஷெல்லாக் வார்னிஷில் முக்கிக் காய வைத்தவர்களுக்கு இது விரலில் தெரியும். மென்பொருள் அந்த 10-ஐத் தசையின் இயல்பு என்று காட்டிவிடுகிறது.

மூன்றாவது, களைப்பு எங்கே நடக்கிறது என்பது. நரம்பு வழியாகத் தூண்டி முழுக்கக் களைக்க வைத்துவிட்டு, உடனே தசையை நேரடியாகத் தூண்டினால் மறுபடி சுருங்கும். களைப்பின் இடம் சந்திப்பு என்று ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

இந்த மூன்றுக்கும் மனிதரிடம் இணை இருந்தால் தவளைக்கு நன்றி சொல்லி விடை கொடுக்கலாம்.

---

மீடியன்_நரம்பு

மூன்றுக்கும் இருக்கிறது சார். முதலில் நரம்புக் கடத்தல் வேகம். ஒரே கருவி என்றாலும் பரவாயில்லை. பத்துப் பேர் குழுவில் ஒருவர் படுக்க, இருவர் செய்ய, மற்றவர்கள் கணக்குப் போடலாம்.

முன்கை நடுவே ஓடும் மீடியன் நரம்பின் இயக்கக் கடத்தல்தான் தொடங்க ஏற்றது. பதிவு எலக்ட்ரோடு அப்டக்டர் பாலிசிஸ் பிரீவிஸ் (கட்டைவிரல் அடித்தசை) தசை மேட்டின் நடுவில். ரெஃபரன்ஸ் கட்டைவிரல் முட்டியில். எர்த் புறங்கையில், அதாவது தூண்டும் இடத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட பகுதியில். தூண்டல் இரண்டு இடங்களில்: மணிக்கட்டில், பதிவு எலக்ட்ரோடிலிருந்து 8 செ.மீ. மேலே, ஃபிளெக்சர் கார்பி ரேடியாலிஸ், பாமாரிஸ் லாங்கஸ் தசைநாண்களுக்கு இடையில். முழங்கை மடிப்பில், பிரேக்கியல் நாடித் துடிப்பை ஒட்டி. தூண்டும் ஜோடியில் கேத்தோடு (எதிர்மின் முனை) எப்போதும் பதிவுப் பக்கம். துடிப்பு அகலம் 0.2 மில்லி செகண்ட், ஃபில்டர் 2 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோ ஹெர்ட்ஸ், திரையில் ஒரு கட்டத்துக்கு 2 மில்லி செகண்ட், 5 மில்லி வோல்ட்.

மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஆம்ப்ளிட்யூட் வளர்வதை மாணவர் பார்க்க வேண்டும். அதுதான் "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" விதி ஒற்றை நாருக்கு மட்டும், முழு நரம்புக்கு இல்லை என்பதற்கான கண்கண்ட சாட்சி. வளர்ச்சி நின்ற பிறகு இன்னும் 20 சதவீதம் ஏற்றிப் பதிவு செய்யுங்கள்.

இப்போது கணக்கு. மணிக்கட்டில் லேட்டன்சி (தூண்டலிலிருந்து அலை எழும் வரையான நேரம்) 3.4 மில்லி செகண்ட், முழங்கையில் 7.4, இடைத்தூரம் 220 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 220-ஐ 4.0-ஆல் வகுத்தால் நொடிக்கு 55 மீட்டர். எல்லாரும் இதோடு ரெக்கார்டை மூடிவிடுவார்கள். மூட விடாதீர்கள். மணிக்கட்டுப் பதிவை மட்டும் எடுத்து 80-ஐ 3.4-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 23.5 வரும். ஒரே நரம்பு, ஒரே ஆள், பாதிக்கும் குறைவான வேகம்! ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். 55 மீட்டர் வேகத்தில் 80 மி.மீ. கடக்க 1.45 மில்லி செகண்ட் போதும்; மீதி 1.95 சந்திப்பின் தாமதத்துக்கும், நுனிக் கிளைகளின் மெதுவான கடத்தலுக்கும், தசைச்சவ்வு கிளர்வதற்கும் போனது. டிரம்_புகை சார் சொன்ன லேட்டன்ட் பீரியட் பாடம் இதுவே, நெம்புகோல் இல்லாமல். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் இரண்டு இடங்களில் தூண்டிக் கழித்தது இதற்காகத்தான்.

சொதப்பும் இடங்கள், அடிக்கடி வருவதிலிருந்து:

வெப்பநிலை. ஏ.சி. அறையில் மாணவரின் கை 28 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறைய 2 மீட்டர் குறையும், மணிக்கட்டு லேட்டன்சி 0.2 மில்லி செகண்ட் கூடும். ஐந்து டிகிரி குறைந்த கை, நோயே இல்லாத கார்பல் டனல் (மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கும் நிலை) நோயாளி ஆகிவிடும். ஆனால் குளிர்ந்த கையில் ஆம்ப்ளிட்யூட் குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். சேனல்கள் மெதுவாக மூடுவதால். இதைக் கோளாறாக நினைக்காமல் ஒரு பரிசோதனையாகவே வைத்துவிடலாம்: சாதாரணக் கை, ஐந்து நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்துத் துடைத்த கை, வெந்நீர்ப் பையில் சூடாக்கிய கை. தோல் வெப்பமானி கட்டாயம். தவளைக் காலத்து "வெப்பநிலையின் விளைவு" பரிசோதனை அப்படியே கிடைத்துவிடும்.

தூரம். டேப்பைத் தளர்வாகப் பிடித்து 1 செ.மீ. தப்பினால் 220 மி.மீ.-இல் 2.5 மீட்டர் மாறும். அதே 1 செ.மீ. 100 மி.மீ. தூரத்தில் தப்பினால் 55 என்பது 60.5 ஆகிவிடும். நீண்ட இடைவெளி ஏன் நல்லது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

கேத்தோடும் ஆனோடும் மாறுவது. இரண்டுக்கும் இடையே 2.5 செ.மீ. என்றால் லேட்டன்சி அரை மில்லி செகண்ட் அளவுக்கு நீளும். இரண்டு இடத்திலும் மாற்றி வைத்தால் வேகம் சரியாகவே வந்துவிடும், லேட்டன்சி மட்டும் தப்பு. கண்டுபிடிக்கச் சிரமம்.

---

முதுநிலை_இரண்டாமாண்டு

மேடம், எங்கள் பேட்சில் சிலருக்கு 70-க்கு மேல் வருகிறது. கை சூடாகவும் இல்லை. தூரமும் இரண்டு முறை அளந்தாச்சு. இன்னொன்று, சிலருக்கு அலை மேலே எழும்புவதற்கு முன் கீழே ஒரு சின்னக் குழி விழுகிறது. லேட்டன்சியை எங்கிருந்து எடுப்பது?

---

மீடியன்_நரம்பு

70-க்கு இரண்டு வழி உண்டு ம்மா. மணிக்கட்டில் போதிய அளவு தூண்டவில்லை என்றால், வேகமான நார்கள் சில கிளராமல் போய் மணிக்கட்டு லேட்டன்சி நீளும். முழங்கையில் அளவுக்கு மீறித் தூண்டினால், மின்னோட்டம் பரவி கேத்தோடுக்குக் கீழே இல்லாமல் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே நரம்பைக் கிளர்த்திவிடும். முழங்கை லேட்டன்சி குறுகும். இரண்டிலும் கழித்தல் விடை சிறுத்து, வேகம் ஏறும். முழங்கையில் நரம்பு ஆழம், அதனால் குமிழைத் திருகிக்கொண்டே போகும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. ஏற்றுவதற்குப் பதில் எலக்ட்ரோடை அரை செ.மீ. உள்பக்கம், வெளிப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். சரியான இடம் குறைந்த மின்னோட்டத்தில் பெரிய அலையைத் தரும்.

குழி விழுந்தால் பதிவு எலக்ட்ரோடு மோட்டார் பாயின்டின் (நரம்பு தசைக்குள் நுழையும் இடம்) மேல் இல்லை என்று பொருள். லேட்டன்சி எடுக்கவே வேண்டாம், எலக்ட்ரோடைப் பிடுங்கி நகர்த்தி ஒட்டுங்கள். மணிக்கட்டில் குழி இல்லாமல் முழங்கையில் மட்டும் விழுந்தால் சுண்டுவிரல் பக்கத்து அல்னார் நரம்பும் சேர்ந்து கிளர்ந்திருக்கலாம். விரல்களைப் பாருங்கள், சுண்டுவிரல் பக்கமும் துடித்தால் அதுதான்.

இரண்டு இடத்துப் பதிவையும் மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். வடிவம் ஒன்றுபோல இல்லை என்றால் கழிக்கும் உரிமை கிடையாது.

---

யாழ்_உடற்றொழிலியல்

வணக்கம். எர்கோகிராஃப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். இத்தாலிய உடலியங்கியலாளர் மொசோ துரின் நகரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடிவமைத்த இந்தக் கருவியை எங்கள் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கிறார்கள். பிழை கருவியில் இல்லை, நாங்கள் செய்விக்கும் முறையில்தான்.

முன்கையைப் பட்டியால் இறுக்க வேணும். சுட்டுவிரலும் மோதிரவிரலும் குழாய்களுக்குள்; நடுவிரல் மட்டும் கயிற்றை இழுக்கும். தோள் முன்னுக்கு வந்தாலோ மணிக்கட்டு மடிந்தாலோ அந்தப் பதிவைத் தள்ளிவிடுங்கோ. சுமை 3 கிலோ என்றால் எல்லாருக்கும் 3 கிலோ என்று வைப்பது சரியில்லை. முதலில் அவரவர் ஒருமுறை தூக்கக்கூடிய உச்சச் சுமையைப் பார்த்து அதில் ஒரு பங்கை வைத்தால்தான் ஆளுக்கு ஆள் ஒப்பிடலாம். மெட்ரோனோம் இரண்டு செக்கனுக்கு ஒன்று. 3 கிலோவைச் சராசரி 3 செ.மீ. வீதம் 60 தரம் தூக்கினால் வேலை 5.4 கிலோகிராம்–மீற்றர், ஏறக்குறைய 53 ஜூல். பல இடங்களில் அலகை எழுதாமலே விடை எழுதுகிறார்கள்.

கனமான பகுதி இனித்தான். வழமையாகச் செய்வது சாதாரணம், பிறகு நாள (சிரை) அடைப்பு, பிறகு நாடி (தமனி) அடைப்பு. மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டியைக் கட்டி, நாள அடைப்புக்கு 40 முதல் 50 மி.மீ. பாதரசம், நாடி அடைப்புக்கு சிஸ்டோலிக்குக்கு மேல் 30. ஆனால் எப்போதும் அதே ஒழுங்கில் செய்தால், மூன்றாவது பதிவு குறைந்தது இரத்தம் நின்றதாலோ ஏற்கெனவே களைத்ததாலோ என்று பிரிக்கவே ஏலாது! ஆறு பேர் குழுவை எடுத்து, ஆறு விதமான ஒழுங்குகளையும் ஆளுக்கொன்றாகக் கொடுங்கோ. இடையில் 10 நிமிட ஓய்வு. மாணவர் ஆய்வு வடிவமைப்பைப் புத்தகத்தில் படிக்க முந்தியே கையால் செய்துவிடுவார்.

களைப்பின் இடம் பற்றி டிரம்_புகை கேட்டதற்கு: மனிதரில் இது தவளையை விடச் சிக்கல். "இனி ஏலாது" என்று விரல் நின்றதும் யாரும் சத்தம் போட்டு உற்சாகப்படுத்தினால் இன்னும் நாலு தரம் தூக்குவார்கள். அப்போ களைப்பில் ஒரு பங்கு மூளையில். அதோடு நாடியை அடைத்தபடி ஓய்வு கொடுங்கோ: பலம் திரும்பாது. பட்டியைத் தளர்த்தினால் திரும்பும். மெர்ட்டன் 1954-இல் கட்டைவிரலின் அடக்டர் தசையில் காட்டியது இதுதான். அவர் நரம்பை மின்னால் தூண்டியும் பார்த்தார், களைத்த தசை அதற்கும் விசை தரவில்லை. உற்சாகப்படுத்துவதை எல்லாருக்கும் ஒரே சொல்லில், ஒரே நேரத்தில் செய்யுங்கோ, அல்லது ஒருவருக்கும் செய்யாதேங்கோ.

நாடி அடைப்பு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அரிவாள் அணு நோய் உள்ளவரை, கையில் குருதிக் கட்டி வந்தவரை இதில் இருத்தவே கூடாது.

---

ஓம்_விதி (பயோமெடிக்கல்)

மின்சாரம் தொடர்பாக நான் சொல்ல வேண்டியது. வகுப்பறையில் கட்டிய ஸ்டிமுலேட்டர், மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தப்படாத பழைய ஸ்டிமுலேட்டர், இரண்டையும் மனிதர் மேல் வைக்கக் கூடாது. தவளைக்கு வாங்கிய கருவியை "வோல்டேஜ் கம்மிதானே" என்று மாணவர் கையில் கட்டுவதை அறவே நிறுத்துங்கள். எவ்வளவு வோல்ட் என்பது பிரச்சினையே இல்லை. அது எதன் வழியாகத் தரைக்கு ஓடும் என்பதுதான் பிரச்சினை. பேஸ்மேக்கர் உள்ளவர்களிடம் தூண்டல் கூடாது. இரண்டு கைகளுக்கும் குறுக்கே, மார்புக்குக் குறுக்கே எலக்ட்ரோடு ஜோடியைப் பிரித்து வைக்கக் கூடாது. கேத்தோடும் ஆனோடும் ஒரே கையில், பக்கத்தில் பக்கத்தில்.

50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தொல்லை: முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி போய்விடும். பிறகு ஃபேன் ரெகுலேட்டர், பழைய சோக் டியூப்லைட். எலக்ட்ரோடு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டுங்கள். தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, காஸ் துணியால் லேசாக உரசி, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருந்தால் நல்லது, இரண்டு எலக்ட்ரோடும் ஒத்திருந்தால் இன்னும் நல்லது. ஈ.சி.ஜி. எலக்ட்ரோடு பாக்கெட்டைப் பிரித்து மாதக்கணக்கில் போட்டு வைத்தால் ஜெல் காய்ந்து எல்லாமே இரைச்சலாகும்.

50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு: ஈ.சி.ஜி.க்குச் சமாளிக்கும். நரம்புக் கடத்தலில் போட்டால் தூண்டல் ஆர்ட்டிஃபேக்ட் (தூண்டலே பதிவில் விழும் போலி அலை) வால் நீண்டு ஆடும், அதன் மேல் உங்கள் லேட்டன்சி சவாரி செய்யும். தூண்டல் ஆர்ட்டிஃபேக்ட் பெரிதாக இருந்தால் முதல் சந்தேகம் வியர்வையும் வழிந்த ஜெல்லும். துடைத்துவிட்டு, கேத்தோடை அசைக்காமல் ஆனோடை மட்டும் சற்றுச் சுழற்றிப் பாருங்கள்.

தசையின் மின்பதிவு மட்டும் போதும் என்றால் விலை உயர்ந்த கருவியே தேவையில்லை. 20 முதல் 450 ஹெர்ட்ஸ் அலைவரிசை, நொடிக்கு 1000 மாதிரிகள் எடுக்கும் எந்த எளிய ஆம்ப்ளிஃபையரும், பேட்டரியில் ஓடினால், வகுப்புக்கு எடுபடும்.

---

ரிங்கர்_கரைசல்

தூண்டல் வலிமை–கால அளவு வளைகோட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? பாடத்திட்டத்தில் "விவரிக்க" என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

---

வெய்ஸ்_நேர்கோடு

விவரிப்பதை விடச் செய்வது சுலபம் சார். அல்னார் நரம்பை மணிக்கட்டில் தூண்டுங்கள், சுண்டுவிரல் மேட்டில் பதிவு. அலையின் உயரத்தை ஏதாவது ஒரு நிலையான மதிப்பில், சொல்லப்போனால் உச்சத்தில் 30 சதவீதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு அகலத்தை 0.05, 0.1, 0.2, 0.5, 1 மில்லி செகண்ட் என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அதே உயரம் வர எவ்வளவு மின்னோட்டம் தேவை என்று குறியுங்கள். "லேசாகத் துடித்தது போல இருக்கிறது" என்று கண்ணால் பார்த்து எடுத்தால் ஒவ்வொருவர் வளைகோடும் ஒவ்வொரு விதமாக நெளியும்.

அப்புறம் வளைகோட்டை அப்படியே வரைந்து ரியோபேஸ் (எவ்வளவு நீண்ட துடிப்புக்கும் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னோட்டம்), குரோனாக்சி (அதன் இரு மடங்கு மின்னோட்டத்துக்குத் தேவையான கால அளவு) என்று அம்புக்குறி போடுவதோடு நிற்காதீர்கள். மின்னோட்டத்தைக் கால அளவால் பெருக்கி மின்னூட்டம் கண்டு அதை வரையச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டுக்கு ரியோபேஸ் 4 மில்லி ஆம்பியர், குரோனாக்சி 0.2 மில்லி செகண்ட் என்றால், 0.1-க்கு 12 மில்லி ஆம்பியர், 0.2-க்கு 8, 1.0-க்கு 4.8. பெருக்கினால் 1.2, 1.6, 4.8 மைக்ரோ கூலும். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். அதன் சாய்வு ரியோபேஸ். கோட்டைப் பின்னால் நீட்டினால் கால அச்சைச் சுழிக்கு அந்தப் பக்கம் வெட்டும் தூரம் குரோனாக்சி. வளைகோட்டின் தட்டையான வாலைக் கண்ணால் தேட வேண்டியதே இல்லை. நீண்ட துடிப்புதான் வலி தரும், அதனால் 1 மில்லி செகண்டுக்கு மேல் போக அவசியம் இல்லை.

---

டிரம்_புகை

இது நன்றாக இருக்கிறது. ரிஃப்ளெக்ஸ் வளைவுக்கு எச்–ரிஃப்ளெக்ஸ் (நரம்பை மின்னால் தூண்டி, தண்டுவடம் வழியே திரும்பும் அனிச்சை) வைக்க ஒரே கருவி போதுமா? முதலாண்டுக்கு அது அதிகம் என்று எனக்குப் படுகிறது.

---

மீடியன்_நரம்பு

அதிகம் இல்லை சார். பால் ஹாஃப்மன் 1910-இல் கண்டது, முதலாண்டு மாணவர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டில் விளிம்பில் தொங்கட்டும். முழங்காலுக்குப் பின்குழியின் நடுவில் டிபியல் நரம்பு, இங்கே மட்டும் கேத்தோடு மேல்பக்கம். பதிவு சோலியஸ் கெண்டைத் தசையில். துடிப்பு அகலம் 1 மில்லி செகண்ட், ஏனென்றால் உணர்வு நார்களுக்குக் குரோனாக்சி அதிகம், அகலத் துடிப்பு அவற்றுக்குச் சாதகம். வெய்ஸ்_நேர்கோடு எழுதியது இங்கே உடனே பயன்படும்.

குறைந்த மின்னோட்டத்தில் 30 மில்லி செகண்ட் வாக்கில் எச் அலை முதலில் வரும். ஏற்ற ஏற்ற எம் அலை (இயக்க நார் வழி நேராகத் தசைக்கு வரும் அலை) முளைக்கும், எச் வளர்ந்து பிறகு தேய்ந்து மறையும். இயக்க நாரில் பின்னோக்கி ஏறும் துடிப்பும் திரும்பி வரும் ரிஃப்ளெக்ஸும் மோதிக்கொள்வதால். இரண்டு தூண்டலுக்கு நடுவே குறைந்தது 3 நொடி விட வேண்டும். நொடிக்கு ஒன்று என்று தட்டினால் எச் சுருங்கிவிடும், "வரவே இல்லை" என்று புகார் வரும். விரல்களைக் கோத்து இழுக்கச் சொன்னால் எச் அலையின் உயரம் கூடும். உயரமானவர்களுக்கு லேட்டன்சி நீளும், அதை வகுப்பு முழுவதுக்கும் வரைந்தால் அதுவே ஒரு வரைபடம்.

---

முதுநிலை_இரண்டாமாண்டு

இதோடு சேர்த்து ஆய்வு பற்றியும் கேட்கலாமா? எம்.டி. தீசிஸுக்கு இதய லய மாறுபாடு (துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுவது) எடுக்கச் சொல்கிறார்கள். பிராணாயாமத்துக்கு முன், பின் ஐந்து நிமிட ஈ.சி.ஜி. எடுத்து எல்.எஃப்./எச்.எஃப். (குறைந்த/உயர் அதிர்வெண்) விகிதம் பார்ப்பது என்று திட்டம்.

---

வெய்ஸ்_நேர்கோடு

இந்தத் தலைப்பில் இனி ஒரு தீசிஸும் வராவிட்டால் நான் வருந்த மாட்டேன். ஆனாலும் எடுப்பது என்றால் சரியாக எடுங்கள்.

இதய லய மாறுபாட்டுக்கான 1996 சர்வதேச வழிகாட்டுதலின்படி குறைந்த அதிர்வெண் பட்டை 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ், உயர் பட்டை 0.15 முதல் 0.4. மூச்சோடு சேர்ந்து இதயம் ஏறி இறங்குவது வேகஸ் (இதயத்தை மெதுவாக்கும் நரம்பு) வேலை. அது சாதாரண மூச்சில், நிமிடத்துக்கு 12 முதல் 18 தடவை என்றால், உயர் பட்டையில் விழும். மெதுவான பிராணாயாமத்தில் நிமிடத்துக்கு 6 மூச்சு. அது 0.1 ஹெர்ட்ஸ். அதே வேகஸ் அலை முழுவதும் குறைந்த பட்டைக்குள் போய் விழுந்துவிடும்! எல்.எஃப். எகிறும், விகிதம் எகிறும், "சிம்பதெடிக் செயல்பாடு கூடியது" என்று முடிவுரை எழுதுவார்கள். நடந்தது நேர் எதிர். நிமிடத்துக்கு 9 மூச்சுக்குக் கீழே போனால் அந்த விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. மற்ற நேரத்திலும் அது சிம்பதெடிக்–வேகஸ் சமநிலையின் தராசு என்பது கடும் விவாதத்தில் இருக்கிறது.

ஆகவே: மூச்சு பெல்ட் கட்டாயம் கட்டுங்கள். பதிவின்போது இரண்டு முறையும் ஒரே வேகத்தில் மூச்சு விடச் சொல்லுங்கள். முதன்மை அளவாக ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. (அடுத்தடுத்த துடிப்பு இடைவெளிகளின் வித்தியாசத்தை அளப்பது) எடுங்கள். பத்து நிமிடம் படுக்க வைத்துவிட்டுத் தொடங்குங்கள், இரு முறையும் ஒரே நேரத்தில், காபி இல்லாமல். மாதிரி வேகம் நொடிக்கு 500-க்குக் குறையக் கூடாது. ஒற்றை எக்டாபிக் (இடம் மாறி எழும்) துடிப்பைத் திருத்தாமல் விட்டால் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. பல மடங்கு ஊதிவிடும், அதனால் ஆர்–ஆர் (துடிப்பு இடைவெளி) பட்டியலை மென்பொருள் கையில் விடாமல் கண்ணால் பாருங்கள். விரல் கிளிப்பில் எடுக்கும் நாடித் துடிப்பு ஈ.சி.ஜி.க்குச் சமம் இல்லை. நாடி அலை விரலுக்கு வரும் நேரமே துடிப்புக்குத் துடிப்பு மாறும். எண்கள் ஒரு பக்கம் சாய்ந்து பரவும், மடக்கை எடுத்த பிறகு டி–டெஸ்ட் போடுங்கள்.

கட்டுப்பாட்டுக் குழு இல்லாத முன்–பின் ஆய்வு வேண்டாம். இரண்டாம் முறை படுக்கும்போது எல்லாருக்கும் பதற்றம் குறைந்திருக்கும், பிராணாயாமம் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

---

தரமணி_வாசகர்

நெறிமுறை பற்றி. வகுப்புப் பயிற்சிக்காகச் சக மாணவர் மேல் செய்வது வேறு, அதே எண்களைக் கட்டுரையாக்குவது வேறு. கட்டுரையாக்கும் எண்ணம் துளி இருந்தாலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் பதிவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். எடுத்து முடித்துவிட்டுப் பின்தேதியில் அனுமதி கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஐ.சி.எம்.ஆர்.-இன் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) 2017 நெறிமுறைகள் மாணவர்களை எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களாகவே பார்க்கின்றன. மார்க் போடுகிறவரே ஒப்புதல் படிவத்தை நீட்டினால் அது ஒப்புதல் ஆகாது. துறைக்கு வெளியே உள்ள ஒருவர் நீட்டட்டும், வராதவர் யார் என்று ஆசிரியருக்குத் தெரியவே கூடாது.

வகுப்பிலும் இது பொருந்தும். தூண்டல் வேண்டாம் என்பவருக்குப் பதிவு செய்யும் வேலை, கணக்குப் போடும் வேலை உண்டு. மாணவிகளுக்கு மாணவிகளே எலக்ட்ரோடு ஒட்டும்படி குழு பிரியுங்கள். இன்னொன்று, நூற்றைம்பது பேரை அளந்தால் யாருக்காவது ஏதாவது நிஜமாகவே அகப்படும்: தாறுமாறான இதயத் துடிப்பு, கை சூடாக இருந்தும் நீண்ட லேட்டன்சி. அதைப் பத்துப் பேர் முன்னால் உரக்கச் சொல்லிவிடாமல், யார் தனியாக அழைத்துச் சொல்வது, எந்த வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்புவது என்று முதல் வகுப்புக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

---

ரிங்கர்_கரைசல்

இதை வைத்து அடுத்த சுற்றுக்கு இப்படிப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன்: மீடியன் கடத்தல் (மூன்று வெப்பநிலையில்), எர்கோகிராஃப் (ஆறு வரிசை), வலிமை–கால அளவு, எச்–ரிஃப்ளெக்ஸ் டெமோ. முதல் மூன்றின் கச்சா எண்களையும் பெயர் நீக்கிச் சேமித்து, கருவி ஓடாத நாளில் கணக்குப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். தவளை மென்பொருளை ஒரே வகுப்பில் முடித்துவிடலாம், "இந்தப் படத்தில் எது தசையுடையது, எது நெம்புகோலுடையது" என்ற கேள்வியோடு. ஓ.எஸ்.பி.இ.க்கு (மேசைக்கு மேசை நடக்கும் செய்முறைத் தேர்வு) எதை வைப்பது?

---

மீடியன்_நரம்பு

முழுப் பரிசோதனையும் ஐந்து நிமிட மேசையில் அடங்காது. தவறாக எடுத்த பதிவு ஒன்றை அச்சடித்து வையுங்கள், குழி விழுந்ததோ, வடிவம் ஒவ்வாததோ. என்ன தப்பு, எப்படிச் சரிசெய்வது என்று எழுதட்டும். பக்கத்து மேசையில் எலக்ட்ரோடு ஒட்டிக் காட்டட்டும்: தோல் தயாரிப்பு, மோட்டார் பாயின்ட், எர்த் இடம், கேத்தோடு திசை, எதிரில் இருப்பவரிடம் என்ன நடக்கப்போகிறது என்று முதலில் சொன்னாரா. ஐந்துக்கும் ஒவ்வொரு மார்க்.

---

முதுநிலை_இரண்டாமாண்டு

கடைசியாக ஒரு சந்தேகம். கைப்பிடி டைனமோமீட்டரில் உச்சத்தில் 30 சதவீதம் அழுத்தச் சொல்லி டயஸ்டாலிக் இரத்த அழுத்தம் பார்க்கும்போது, இயல்பாக வர வேண்டிய 16 மி.மீ. ஏற்றம் எங்களில் பாதிப் பேருக்கு வருவதில்லை. எல்லாருக்கும் தன்னியக்க நரம்பு கெட்டுவிட்டதா என்ன!

---

யாழ்_உடற்றொழிலியல்

இல்லை பிள்ளை. மூன்று இடங்களைப் பாருங்கோ. உச்ச அழுத்தத்தை மூன்று தரம், இடையில் ஒரு நிமிடம் விட்டு எடுத்து, அதில் பெரியதை வைத்து 30 சதவீதம் கணக்கிட்டீர்களோ? முதல் தரம் எல்லாரும் மெல்லத்தான் பிடிப்பார்கள், அதை உச்சம் என்று எடுத்தால் சுமை குறைந்துவிடும். அடுத்தது, முள்ளைப் பார்த்துக்கொண்டே பிடிக்க வேணும். ஒரு நிமிடத்தில் பிடி 20-க்கு நழுவிவிடும், ஆளுக்குத் தெரியாது. பட்டியை அழுத்தாத மற்றக் கையில் கட்டி, பிடியை விட முந்திய கடைசி வாசிப்பை எடுங்கோ. விட்ட பிறகு பம்ப் பண்ணத் தொடங்கினால் ஏற்றம் அதற்குள் இறங்கிவிடும். தானியங்கிக் கருவி என்றால் பட்டி ஊதி இறங்கவே அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும், அதையும் கணக்கில் வைத்து முன்னதாகவே அமத்துங்கோ.